சுன்கேசரி படித்த சண்டைகள்

வாசல் மணி அடித்தபோது சுன்கேசரி லிம்பு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால், சட்டையில் கட்சிச் சின்னம் குத்திய ஒரு வெள்ளைக்காரர் கையில் வாக்காளர் பட்டியலோடு நின்றார். பிரிட்டனில் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்கு நேரா யார் பேருமே இல்லையேம்மா. எந்த நாடு நீங்க?"

"நேபாளம்."

"ஓ. அப்ப உங்களுக்கு ஓட்டு கிடையாது. பரவால்ல, நல்லா இருங்க."

சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே குடியிருந்தவர் ஜமைக்காவிலிருந்து வந்து மூன்று வருஷம்கூட முடியாதவர். ஆனால் காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் அவருக்கு ஓட்டு உண்டு. அவரோடு தெருவில் நின்று கால் மணி நேரம் பேசினார். குப்பை வண்டியிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் அபிப்பிராயம் கேட்டார். சுன்கேசரி ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே முள்ளங்கியை நறுக்கி முடித்தாள். அந்த மனிதர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. கணக்கில் இல்லாத ஆளிடம் கோபிக்க என்ன இருக்கிறது?

மாலையில் கணவர் ஹர்க்கஜங் பூங்காவிலிருந்து திரும்பியதும், "நான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போடப் போறேன்" என்றாள்.

"பரீட்சை இருக்கு, தெரியுமா?"

"எழுதறேன்."

"ராஜா ராணி கதையெல்லாம் கேப்பான். எந்த ராஜா யாரோட சண்டை போட்டான், எந்த வருஷம் போட்டான்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

ஹர்க்கஜங் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் பதினஞ்சு வருஷம் இவங்க பட்டாளத்துல இருந்தவன். இதுக்கு மேல ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, உங்க எட்டாம் ஹென்றிக்கு எத்தனை பொண்டாட்டின்னு நான் பதில் சொல்லணுமா? செத்தாலும் மாட்டேன்."

"உங்களை யார் எழுதச் சொன்னா? நான் எழுதறேன்."

அவர் அடுத்த அம்பை எடுத்தார். இங்கே குடியுரிமை வாங்கினால் நேபாளத்துக் குடியுரிமைச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் விடாது. ஒரு வாரம் யோசித்தாள். அந்தச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மடிப்பு விழுந்த அந்தக் காகிதத்தில் அவள் பெயரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தகப்பன் பெயரும் கணவன் பெயரும் இருந்தன.

"மலையை யாரும் எங்கிட்ட இருந்து புடுங்கப் போறதில்ல" என்றாள் ஏழாம் நாள். "எனக்குன்னு நானே வாங்கினது ஒண்ணு இருக்கட்டும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுன்கேசரிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கிழக்கு நேபாளத்தில் பாஞ்ச்தர் மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் பிறந்தவள். பள்ளிக்கூடம் ஒரு மலை தள்ளி இருந்தது. அது அண்ணன்மாருக்கு. பத்தொன்பது வயதில், விடுமுறைக்கு வந்திருந்த பட்டாளத்துக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாத விடுமுறை முடிந்து அவர் போனார். அதற்கப்புறம் கடிதம்தான். ஊரில் கடிதம் வாசித்துச் சொல்பவர் கடைக்காரர் ஒருவரே. கணவன் எழுதியதை அவர் கடை வாசலில் நின்று, நல்ல கணீரென்ற குரலில், உப்பு வாங்க வந்தவர்கள் உட்பட எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார். "என் கண்ணே" என்று வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ரசிப்பார். இரண்டு கடிதம் பொறுத்தாள். மூன்றாவது கடிதம் வருவதற்குள் கடைக்காரர் மகளிடம் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள். சுன்கேசரி படிக்கக் கற்றது இப்படித்தான்.

இங்கிலீஷ் கற்றது அதற்கு வெகுகாலம் கழித்து. பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்த பழைய கூர்க்காக்கள் குடும்பத்தோடு வந்து தங்கலாம் என்று அரசாங்கம் சொன்ன மறு வருஷம், இரண்டாயிரத்துப் பத்தில், இருவரும் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த ஷெரில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வாய் ஓயாதவள்; சுன்கேசரி என்ற பெயரைச் 'சன்னி' என்று சுருக்கிக்கொண்டவள். ஐந்து வருஷம் அவளுக்குப் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவியதில் மொழி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குடியுரிமைக்கு முதலில் ஒரு பேச்சுத் தேர்வு உண்டு. அதில் சுன்கேசரி இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். தேர்வாளருக்குப் பசியே வந்திருக்கும். ஒரே முயற்சியில் தேறினாள்.

இடறியது சரித்திரத்தில்.

பாடப் புத்தகத்தின் மற்ற பகுதிகள் அவ்வளவு மோசமில்லை. நாடாளுமன்றம் எப்படி நடக்கிறது, எந்தத் திருவிழா எந்த மாதம், இதெல்லாம் ஏறியது. சண்டைகள்தான் மண்டையில் நிற்கவில்லை. ஹேஸ்டிங்ஸ், பானக்பர்ன், அஜின்கோர்ட், பாஸ்வர்த், நேஸ்பி, கலோடன், டிரஃபால்கர், வாட்டர்லூ. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம், ஒரு தளபதி, ஜெயித்தது ஒருவர், செத்தது இன்னொருவர். காலையில் படித்தது மதியம் தட்டுக் கழுவும் தண்ணீரோடு போய்விடும்.

ஷெரில்தான் கேள்வி கேட்பாள். ஒரு கையில் புத்தகம், மறு கையில் கரண்டி.

"அஜின்கோர்ட் எந்த வருஷம்?"

"ஆயிரத்து எண்ணூத்திப் பதினஞ்சு."

"தப்பு. நானூத்திப் பதினஞ்சு. ஆயிரத்து நானூத்திப் பதினஞ்சு."

"அப்ப எண்ணூத்திப் பதினஞ்சுல என்ன நடந்துச்சு?"

ஷெரில் பக்கத்தைப் புரட்டினாள். "வாட்டர்லூ. அட, இது சண்டையா? நான் ரயில்வே ஸ்டேஷன்னுல்ல நினைச்சேன்."

"டிரஃபால்கர்?" என்று இப்போது சுன்கேசரி கேட்டாள்.

"அது புறா மேயற சதுக்கம்."

"விக்டோரியா சிலுவைப் பதக்கம் எந்தப் போர்ல முதல்ல வந்துச்சு?"

"ஏண்டி, பரீட்சை உனக்கா எனக்கா? எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊர்லயே பொறந்தவ நான், இந்தப் பரீட்சையை நான் எழுதினா என்னை நாடு கடத்திடுவாங்க!"

"கிரிமியப் போர்" என்று சுன்கேசரியே பதிலும் சொன்னாள்.

முதல் தடவை ரெடிங் நகரத்துக்கு இரண்டு ரயில் மாறிப் போய் எழுதினாள். இருபத்து நாலு கேள்வி, நாற்பத்தைந்து நிமிஷம், பதினெட்டு சரியாக வர வேண்டும். வரவில்லை. கையில் கொடுத்த கடிதத்தில், எந்தப் பகுதியை இன்னும் படிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சரித்திரம். இரண்டு மாதம் கழித்து மறுபடி போனாள். மறுபடி கடிதம். மறுபடி சரித்திரம்.

அவளோடு சேர்ந்து படிக்க ஆரம்பித்த டிக்கமாயா என்ற தோழி, இரண்டாவது கடிதத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள். டிக்கமாயா மூன்று வருஷத்துக்கு முன் கணவரை இழந்தவள். அவரும் பட்டாளத்துக்காரர்.

"எனக்கு அறுபத்து நாலு முடியப் போகுது. அறுபத்தஞ்சு ஆயிட்டா பரீட்சையே வேணாம்னு சட்டம் சொல்லுது. சும்மா உக்காந்து வயசாகிறதை விட்டுட்டு, செத்துப் போன வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தன் பேரையும் நான் ஏன் மனப்பாடம் பண்ணணும்?"

"எனக்கு இன்னும் ஆறேழு வருஷம் இருக்கே அக்கா."

"இரு. வயசாகிறது ஒண்ணுதான் நமக்கு நல்லா வரும்."

சுன்கேசரி சிரித்தாள். ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

வழி கிடைத்தது ஒரு மழை நாளில், பேருந்து நிறுத்தத்தில். அவள் வாய்க்குள் "நார்மண்டிக் கரையில் இறங்கியது, ஜூன் ஆறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து நாலு. பட்டாளத்துக்காரரான அப்பாவின் கெண்டைக்காலில் குண்டு பாய்ந்த ஒரு குழி உண்டு. சின்னப் பிள்ளைகள் விரலை விட்டுப் பார்க்கும் அளவுக்குக் குழி. "இது எப்ப ஆச்சுப்பா?" என்று கேட்டால், "நாப்பத்து நாலு, மழை மாசம், இம்பால் சேறு" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள், அதே வரிசை.

அப்படியென்றால் இவர்கள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அதே மாதம் அப்பா இம்பாலில் சேற்றில் கிடந்திருக்கிறார்.

பேருந்து வந்ததையும் போனதையும் அவள் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். இடப்பக்கம் புத்தகத்துச் சண்டை, வலப்பக்கம் தன் ஆட்கள். வாட்டர்லூவுக்கு நேராக, கூர்க்காக்கள் முதன்முதலாக வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்த வருஷம் என்று எழுதினாள். இரண்டும் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. அதிலிருந்து நானூறு வருஷத்தைக் கழித்தால் அஜின்கோர்ட். சோம் ஆற்றுப் போருக்கு நேராகக் கணவரின் தாத்தா. அவர் அதற்கு முந்தின வருஷம் பிரான்சில் இரண்டு விரலை விட்டுவிட்டு, ஒரு தகரத் தட்டோடு ஊர் திரும்பியவர். அந்தத் தட்டில்தான் வீட்டுக் கோழிக்குத் தீனி வைப்பார்கள். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் துருப்புகள் பிரிட்டனுக்காகப் போரிட்டதாகப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே பென்சிலால் கோடு இழுத்து, "இரண்டு விரல்" என்று எழுதினாள்.

தன் ஆட்கள் யாரும் இல்லாத பழைய சண்டைகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வீட்டுச் சாமான்கள்மேல் ஒட்டினாள். அரிசி டப்பாவில் ஹேஸ்டிங்ஸ், ஆயிரத்து அறுபத்தாறு. ஃபிரிட்ஜில் பாஸ்வர்த், ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து. நேஸ்பி கழிப்பறைக் கதவின் உட்பக்கம்.

"கக்கூஸ்ல உக்காந்தாலும் யுத்தமா?" என்று உள்ளேயிருந்து ஹர்க்கஜங் கத்தினார். "யாருடி இந்தக் கிராம்வெல்?"

"ஜெயிச்சவரு. சத்தம் போடாம வேலையப் பாருங்க."

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே சாரல். ஹர்க்கஜங் தோங்பா மதுப் பாத்திரத்தில் புளித்த கேழ்வரகின்மேல் வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தார். சுன்கேசரி எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டுக்கு வந்தாள். ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. பிரிட்டன் கடற்படையை அனுப்பியது. தீவுகள் மீட்கப்பட்டன.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"ரெண்டு வரிதான் போட்டிருக்கு."

அவர் குழலை வாயிலிருந்து எடுத்தார்.

ஹர்க்கஜங் ஃபாக்லாந்து போய் வந்தவர் என்பது ஆல்டர்ஷாட்டில் எல்லா நேபாளிகளுக்கும் தெரியும். சங்கக் கூட்டங்களில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. டிக்கமாயாவின் கணவர் உயிரோடு இருந்தவரை, ஹர்க்கஜங் குக்கிரிக் கத்தியை உருவிக்கொண்டு எதிரியின் பதுங்குகுழிக்குள் குதித்த கதையை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார். ஹர்க்கஜங் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை. மீசையைத் தடவிக்கொள்வார். வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று அவளும் கேட்டதில்லை.

இன்று கேட்டாள். "பரீட்சைக்கு இந்த ரெண்டு வரி போதும். எனக்காகக் கேக்கறேன். நீங்க அங்க என்ன பண்ணீங்க?"

"குழி தோண்டினேன்."

"அப்புறம்?"

"குழியில தண்ணி வந்துச்சு. வேற குழி தோண்டினேன்." பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். "கப்பல்ல மூணு வாரம் வாந்தி எடுத்தேன். இறங்கினதும் குளிரு. நம்ம மலைக்குளிரு இல்ல, எலும்புக்குள்ள ஈரம் போற குளிரு. பாதம் வீங்கி பூட்ஸ் கழட்ட முடியல. மேல இருந்து ஷெல் வந்து விழும். பக்கத்துக் குழிப் பையனுக்குத் தொடையில சில்லு பாஞ்சுது. அவனை முதுகுல போட்டுக்கிட்டு மூணு மணி நேரம் நடந்து மருத்துவ முகாம்ல விட்டேன். அப்புறம் எங்களை ஒரு குன்றைப் பிடிக்க அனுப்பினாங்க. நாங்க ஏறிப் போறதுக்குள்ள அவங்க இறங்கிப் போயிட்டாங்க. மறுநாள் சண்டை முடிஞ்சுதுன்னாங்க."

"சுட்டீங்களா?"

"ஒரு குண்டு சுடல."

"குக்கிரி?"

"உருளைக்கிழங்கு வெட்டினேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்து மூன்று வருஷம் இதைத்தான் இந்த மனிதர் மீசைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாரா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அந்தப் பையன் பிழைச்சானா?"

"பிழைச்சான். போக்ராவுல ஓட்டல் வச்சிருக்கான். தசைன் பண்டிகைக்கு வருஷா வருஷம் போன் பண்ணுவானே, பர்ஜாங், அவன்தான்."

"பர்ஜாங் தம்பியா? நீங்க தூக்கிட்டுப் போன பையனா அவரு?" சுன்கேசரி புத்தகத்தை மூடி வைத்தாள். "ஒருத்தனைக் கொன்னேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தேன்னு சொல்றீங்க. இதைப் போய் மறைப்பாங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவளுக்கும் வாய் திறந்தது. "நானும் ஒண்ணு மறைச்சேன். நீங்க குழி தோண்டிக்கிட்டிருந்தப்ப நான் தரான்ல இருந்தேன்."

"எந்தத் தரான்?"

"எத்தனை தரான் இருக்கு? உங்க பட்டாள முகாம் இருந்துச்சே, அந்த வாசல்ல."

எண்பத்திரண்டு மே மாதம். மகள் ரத்னமாயாவுக்கு நாலு வயது. வயிற்றில் ஆறு மாதம். கடைக்காரரின் ரேடியோவில் ஒரு தீவின் பெயர் அடிபட்டது. உங்க பட்டாளத்தையும் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம் என்றார் கடைக்காரர். அதற்கப்புறம் மழையில் ரேடியோ கெட்டுப்போனது. கடிதமும் வரவில்லை. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி முகாம் வாசலில் போய் அழுதுகொண்டு நிற்பது குடும்பத்துக்கு அவமானம் என்று ஊரில் நினைப்பார்கள். ஆகவே சுன்கேசரி மாமியாரிடம் மகளை விட்டுவிட்டு, பிறந்த வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொன்னாள். பிறந்த வீட்டுப் பாதையில் மலை முகடு வரை ஏறினாள். முகட்டில் மறுபக்கம் திரும்பி இறங்கினாள். நாலு நாள் நடந்தாள். பொட்டலத்தில் வறுத்த மக்காச்சோளம். கண்ட வீட்டில் படுத்தாள்.

முகாம் வாசலில் அவளைப் போல இருபது முப்பது பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. எல்லோரும் ஏதோ ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் போல, சந்தைக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா வெளியே வந்து, சண்டை முடிந்துவிட்டது என்றார். அடிபட்டவர்கள் பட்டியலைப் படித்தார். ஹர்க்கஜங் பெயர் அதில் இல்லை. அவள் குமாஸ்தாவை மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். பிறகு அவள் எழுந்து திரும்பி நடந்தாள். அதற்குள் மழைக்காலம் பிடித்துவிட்டதால், திரும்ப ஐந்து நாள் ஆனது. அட்டைகள் முழங்கால் வரை ஏறின.

ஹர்க்கஜங் குழலைக் கீழே வைத்துவிட்டார். "நாலும் அஞ்சும் ஒம்பது நாள் நடை. வயித்துல லால்ஹாங்."

"ஆமா. உங்க மகன் பொறக்கிறதுக்கு முன்னாடியே மலை ஏறினவன்."

"எங்கம்மா நம்பினாளா, நீ பொறந்த வீட்டுக்குப் போனேன்னு?"

"என் காலைப் பாத்தாங்க. 'உங்க ஊர் அட்டை ரொம்பப் பெருசா இருக்குமோ'ன்னாங்க. கால்ல மஞ்சளை அரைச்சுப் பூசினாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல. சாகிற வரைக்கும் கேக்கல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் கோடு போட்டு வைத்திருந்த நோட்டை எடுத்து, எண்பத்திரண்டுக்கு நேராக வலப்பக்கம் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுதப் போகிறார் என்று அவள் நினைத்தாள். "சுன்கேசரி, ஒன்பது நாள்" என்று எழுதினார். அதன் கீழேதான் சின்ன எழுத்தில் "நான், குழி" என்று எழுதினார்.

பிப்ரவரியில் மூன்றாவது தடவை ரெடிங் போனாள். வெளியே மற்றவர்கள் கடைசி நிமிஷம் வரை போனில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபாக்லாந்து பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. பாஸ்வர்த் வந்தது. அவள் கண்முன்னே தன் வீட்டு ஃபிரிட்ஜ் வந்து நின்றது. சோம் வந்தது, கோழித்தீனித் தட்டு வந்தது. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் மூன்று தடவை சரிபார்த்தாள். கடிதம் கொடுத்த பெண் "வாழ்த்துகள்" என்று சொன்னபோது, சுன்கேசரி அந்தக் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். சரித்திரம் படி என்று எங்கும் போடவில்லை.

ரயிலில் ஏறியதும் ஷெரிலுக்குப் போன் செய்தாள்.

"பாஸாயிட்டேன்."

சமையலறையில் தட்டுகள் விழும் சத்தமும் ஷெரில் அலறும் சத்தமும் சேர்ந்து கேட்டன. "எல்லாரும் கேளுங்க! நம்ம சன்னி இப்ப என்னைவிடப் பெரிய இங்கிலீஷ்காரி!"

ஏப்ரலில் நேபாளப் புத்தாண்டு விழா. சங்க மண்டபத்தில் அவளுக்கு வெள்ளைத் துண்டு போர்த்தினார்கள். அறிவிப்பாளர் மைக்கில், "ஃபாக்லாந்து வீரர் ஹர்க்கஜங் அவர்களின் துணைவியார்" என்று ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து ஹர்க்கஜங் எழுந்தார். நேராக நடந்துபோய் மைக்கை வாங்கினார்.

"ஒரு திருத்தம்" என்றார். "நான் ஃபாக்லாந்து போனது உண்மை. அங்க நான் ஒரு குண்டுகூடச் சுடல. குழிக்குள்ள குதிச்சது உண்மை, ஆனா அது நான் தோண்டின குழி."

மண்டபம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தது.

"அந்தச் சமயத்துல வயித்துல பிள்ளையோட, பாஞ்ச்தர்ல இருந்து தரானுக்கு ஒரு பொம்பள நடந்து போனா. மழையில நடந்து திரும்பி வந்தா. எனக்கே இந்த ஜனவரியிலதான் தெரியும். நம்ம வீட்டுப் பொம்பளைங்கள்ல இன்னும் எத்தனை பேர் இப்படி நடந்தாங்களோ, கேட்டாத்தானே தெரியும்? அதனால இவங்களை என் துணைவியார்னு கூப்பிடாதீங்க. என்னை வேணா சுன்கேசரி லிம்புவோட வீட்டுக்காரர்னு கூப்பிடுங்க."

சுன்கேசரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெள்ளைத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் வயதான பெண்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி சத்தமாக, "நான் ஏழு நாள் நடந்தேன்" என்றாள். இன்னொருத்தி, "நான் போனது அதுக்கு முன்னாடி, போர்னியோ சண்டையப்ப" என்றாள். அதற்குப் பிறகு மேடை நிகழ்ச்சியை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டக்காரப் பிள்ளைகள் உடையணிந்து ஓரமாகக் காத்து நிற்க, மண்டபம் முழுக்கக் கிழவிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிக்கமாயா மட்டும் ஹர்க்கஜங்கிடம் இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள். "அப்ப என் புருஷன் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய்யா?"

"உங்க புருஷன் சொன்ன விதம் எனக்கே ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதான் குறுக்கே பேசல."

"அவரு நல்லாத்தான் சொல்லுவாரு" என்று டிக்கமாயா ஒப்புக்கொண்டாள்.

அக்டோபரில் கவுன்சில் மண்டபத்தில் உறுதிமொழி. பதினான்கு நாட்டுக்காரர்கள் அன்று குடிமக்கள் ஆனார்கள். சுன்கேசரி பட்டுச் சோளியும் கழுத்தில் பவழமாலையும் போட்டுக்கொண்டு போனாள். நாட்டுப் பண் பாடும்போது ஷெரில் இரண்டு வரிக்கு மேல் வார்த்தை தெரியாமல் வாயை மட்டும் அசைத்தாள். சுன்கேசரி முழுக்கப் பாடினாள். பெயரைக் கூப்பிட்டபோது பட்டாளத்து நடையில் கையை வீசிக்கொண்டு போய்ச் சான்றிதழை வாங்கினாள் என்று ஷெரில் எல்லோரிடமும் சொன்னாள். சுன்கேசரி அதை மறுக்கிறாள். சாதாரணமாகத்தான் நடந்தாளாம்.

அடுத்த தேர்தலில் ஓட்டுச்சாவடி திறக்கும் முன்பே போய் நின்றாள்.

இதெல்லாம் பார்த்த ஹர்க்கஜங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறுபத்தைந்து ஆக இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பொறுத்தால் பரீட்சையே இல்லை என்று டிக்கமாயா எடுத்துச் சொன்னாள். "சும்மா கொடுக்கிறதை வாங்க நான் என்ன கிழவனா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். சண்டைகள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தளபதி, வருஷம், எந்தப் பக்கம் எத்தனை பேர், எல்லாம் சொல்வார். முதல் தடவை தோற்றார். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளில் யார் தலை போனது, யார் தப்பித்தது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சுன்கேசரி அந்த ஆறு பெண்களின் பெயரையும் எழுதிக் கழிப்பறைக் கதவில் ஒட்டினாள். காலை ஏழு மணிக்கு அவரை மேஜை முன் உட்கார வைத்தாள். தேநீர் எட்டு மணிக்குத்தான், அதுவும் ஆறு பெயரும் வரிசையாக வந்தால்.

ஹாங்காங்கிலிருந்து மகள் ரத்னமாயா போன் செய்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. பதினஞ்சு வருஷப் பட்டாளத்துல இவ்வளவு கண்டிப்பான ஹவில்தாரை நான் பாத்ததே இல்ல."

"பேச்சு அப்புறம்" என்றாள் சுன்கேசரி, அடுப்படியிலிருந்து. "நாலாவது மனைவி யாரு?"